தோசைக்கு எத்தனை நிமிடம் முன்னால் ஊசி?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பதின்மூன்று வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு வந்து ஏழு மாதம் ஆகிறது. சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்னால் ஊசி போட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் உங்கள் மாமியாரோ, "ஊசியைப் போட்ட பிறகு பிள்ளை சாப்பிடாமல் எழுந்துவிட்டால் என்ன கதி? சாப்பிட்டு முடித்ததும் போடு" என்கிறார். அவர் பேச்சைத் தட்ட முடியாமல் நீங்களும் அப்படியே செய்துவருகிறீர்கள். காலை 6.10 மணிக்கு இரண்டு தோசை, 6.25 மணிக்கு ஊசி. ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது கையில் ஒட்டிய சர்க்கரை அளக்கும் சென்சார் 14 காட்டுகிறது (இங்கே சர்க்கரை எண்களெல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). பத்து மணி இடைவேளைக்குச் சற்று முன்பு 3.6-க்கு இறங்கிக் கை நடுங்குகிறது, பள்ளியிலிருந்து தொலைபேசி வருகிறது. காலை அளவைக் குறைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி அளவைப் பற்றியதாகத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது நேரத்தைப் பற்றி என்றே எனக்குப் படுகிறது. ஒரே காலைப் பொழுதில் அவ்வளவு ஏற்றமும் அவ்வளவு இறக்கமும் வருகிறதென்றால், உணவும் இன்சுலினும் ஒன்றையொன்று தவறவிடுகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் நீரிழிவுத் தாதியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன், அதில் பெரும்பகுதி இன்சுலின் போடும் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் கழிந்தது. உங்கள் மகளின் எடையோ, மாவுச்சத்துக் கணக்கோ, நாளுக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலினோ எனக்குத் தெரியாது. அதனால் எத்தனை யூனிட் என்பது பற்றி இங்கே ஓர் எண்கூடச் சொல்லமாட்டேன். அதை அவளை நேரில் பார்க்கும் குழுதான் சொல்ல வேண்டும். நேரத்தைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

நீரிழிவு இல்லாத ஒருவர் தோசையை வாயில் வைத்த சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலினைச் சுரக்கத் தொடங்கிவிடும். அந்த இன்சுலின் கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் நேராக இறங்குகிறது, அங்கேயே ஏறத்தாழ பாதி செலவாகிறது. வேலை முடிந்ததும் சுரப்பு நின்றுவிடும். நாம் பேனா வடிவ ஊசிக் கருவியால் போடும் இன்சுலினுக்கு இந்த வசதி கிடையாது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ஒரு துளியாகத் தேங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கூடித் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆறும் பிரிந்து தனித்தனியானால்தான் இரத்தக் குழாயின் சுவரைக் கடக்க முடியும். காத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பிரிவுக்காகத்தான்.

பழைய சாதாரண இன்சுலினில், ஆக்ட்ராபிட் போன்றவற்றில், இந்தப் பிரிவு மெதுவாக நடக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியிருந்தது. 1996-இல் ஹியூமலாக் என்ற விரைவு இன்சுலின் வந்தது. இன்சுலின் சங்கிலியில் 28, 29 ஆகிய இடங்களில் இருந்த இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்தார்கள். அவ்வளவுதான், மூலக்கூறுகள் விரைவில் பிரிந்துவிட்டன. பின்னால் வந்த நோவோராப்பிட், அப்பிட்ரா ஆகியவையும் ஏறக்குறைய அதே வேகம் கொண்டவை. அந்தக் காலத்தில் பலரும் கேட்டு மகிழ்ந்த செய்தி, 'இனிக் காத்திருக்க வேண்டாம், போட்ட கையோடு சாப்பிடலாம்' என்பது. அந்த மகிழ்ச்சியில் ஒரு பகுதி அவசரப்பட்ட மகிழ்ச்சி. இந்த இன்சுலின்கள் வேலையைத் தொடங்கப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகிறது, முழு வீச்சில் வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகிறது, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை உடலில் நீடிக்கின்றன. தோசையிலுள்ள சர்க்கரையோ பத்து நிமிடத்திலேயே இரத்தத்தில் தெரியத் தொடங்கி, ஒரு மணி நேரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டுவிடும்.

இப்போது உங்கள் காலைப் பொழுதை இந்த இரண்டு கடிகாரங்களோடு வைத்துப் பாருங்கள். 6.10 மணிக்குச் சாப்பிட ஆரம்பித்த தோசை ஏழு மணிக்கு ஏறக்குறைய உச்சத்தில் இருக்கிறது. 6.25 மணிக்குப் போட்ட ஊசி ஏழு மணிக்கு இன்னும் முழு வீச்சுக்கு வரவில்லை. சென்சார் காட்டும் 14 இந்த இடைவெளியின் அளவுதான். உங்கள் கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 14-ஐப் பார்த்துப் பயந்து, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே இன்னும் 2 யூனிட் போட்டு அனுப்புகிறேன் என்று. என்னைப் பொறுத்தவரை உங்கள் கதை முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. 6.25 மணி ஊசி எட்டு மணியையொட்டி முழு பலத்தோடு இறங்கும்போது, ஏழு மணி ஊசியும் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. ஒன்பதரை மணிக்குத் தோசையின் வேகம் முடிந்துவிட்டது, இரண்டு ஊசிகளின் வாலும் இன்னும் மிச்சமிருக்கிறது. 3.6 வராமல் எப்படி இருக்கும்?

நீங்கள் அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு 14-க்குப் பதிலாக 16 தெரியும். லிஃப்ட் வாசலில் 2 யூனிட்டுக்குப் பதிலாக 3 போடத் தோன்றும். அதனால் வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள், கூடவே அந்த லிஃப்ட் ஊசியை நிறுத்துங்கள். மேலதிக ஊசிக்கு உங்கள் மருத்துவர் ஒரு விதி கொடுத்திருப்பார். சாப்பாட்டு ஊசி போட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆகாமல் இன்னொன்று போடக்கூடாது என்பதுதான் பொதுவாகச் சொல்லித்தரும் முறை. நேரத்தைச் சரிசெய்த பிறகும் பத்து மணிக்கு 4-க்குக் கீழே போகிறாள் என்றால் அப்போது அளவு கூடுதல்தான். அதைக் குழுவிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். ஏதாவது ஒரு நாள் 14-க்கு மேலேயே மணிக்கணக்கில் நின்றாலோ, வாந்தி வந்தாலோ, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்த்துவிட்டு உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். அது வேறு கதை, அதில் காத்திருக்கக் கூடாது.

இதில் எவ்வளவு உறுதி என்று கேட்பீர்கள். விரைவு இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் முன்னால் போடுபவர்களுக்கு, சாப்பிடும்போது போடுபவர்களைவிட ஏற்றம் குறைவு. சாப்பிட்ட பிறகு போடுபவர்களுக்குத்தான் ஏற்றம் மிக அதிகம். பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் செய்த ஆய்வுகள் இந்த ஒன்றில் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று நினைப்பவர்கள் உண்டு. விரைவு இன்சுலினில் அது அப்படி இல்லை. நல்ல அளவோடு சாப்பிட உட்காரும் ஒருவருக்கு அரை மணி நேரம் என்பது தாழ்சர்க்கரைக்கு வாசலைத் திறந்து வைப்பது.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயம் வெறும் பயமில்லை. சில நேரங்களில் அவர் சொல்வதுதான் சரி. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று யாருக்கும் தெரியாது, அங்கே பாதியை முன்பும் மீதியைச் சாப்பிட்டதைப் பார்த்துப் பின்பும் போடச் சொல்வோம், சில நாள் முழுவதையும் பின்பு போடச் சொல்வோம். காய்ச்சல், வாந்தி வந்த நாளிலும் அப்படித்தான். பல ஆண்டு நீரிழிவினால் இரைப்பை மெதுவாகிவிட்டவர்களுக்கு ஊசி முந்தினால் ஆபத்து. சாப்பிட உட்காரும்போதே 4-க்குக் கீழே இருந்தால் முதலில் தாழ்சர்க்கரையைச் சரிசெய்ய வேண்டும், ஊசி அதற்குப் பிறகுதான். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, நீங்கள் சொன்னது குழந்தைப் பருவத்துக்கும் நோய் வந்த நாளுக்கும் சரி. இவள் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டு எழுகிற பிள்ளை." இன்னொன்றும் உண்டு. அவர் தமக்காக இன்சுலின் போடுபவராக இருந்தால் அது வேகமானதும் மெதுவானதும் சேர்ந்த கலவை இன்சுலினாக இருக்கலாம், அதற்கு நேரம் வேறு. ஒருவர் பேனாவின் விதியை இன்னொருவர் பேனாவுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அந்தப் பயத்தை நான் மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில், புதிதாக இன்சுலின் தொடங்கிய ஓர் இளைஞருக்கு "15 நிமிடம் முன்னால் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். விதியைச் சொன்னேன், அதன் நிபந்தனையைச் சொல்லவில்லை. அவர் மதிய உணவு நேரத்தில் ஓர் உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நின்றபடியே போட்டுக்கொண்டார். முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் அலுவலகத்துக்கு நாலைந்து பொட்டலம் வாங்குபவர்கள். அவர் முறை வந்தபோது கோழிச் சோறு தீர்ந்துவிட்டது. அடுத்த கடையில் மறுபடி வரிசை. மேசையில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தபோது கையிலிருந்து நழுவியது என்றார். பக்கத்து மேசையிலிருந்த பெண்மணி ஒருவர் தம் இனிப்புத் தேநீரை அவர் கையில் கொடுத்துக் குடிக்க வைத்திருக்கிறார். அப்போது 2.9. அடுத்த வாரம் வந்து என் முன்னால் உட்கார்ந்து என்னைத் திட்டக்கூட இல்லை, "நீங்கள் சொன்னபடிதான் செய்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் 15 என்ற எண்ணைத் தனியாகக் கொடுத்ததில்லை. உணவு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பேனாவின் மூடியைத் திறக்க வேண்டும். வீட்டில் என்றால் மாவு கல்லில் விழுந்த பிறகு. வெளியே என்றால் தட்டு உங்கள் மேசையில் இருக்கும்போது. உணவங்காடியில் தட்டு வந்த பிறகு பதினைந்து நிமிடம் சூடு ஆற உட்கார முடியாது என்பார்கள். சரி, ஐந்து நிமிடம் கிடைக்கும், அந்த ஐந்து நிமிடத்தில் கீரையையும் மீனையும் முட்டையையும் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், சோற்றைக் கடைசிக்கு வைக்கச் சொல்லுங்கள். மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்பது இரண்டாம் வகையினரிடம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. முதல் வகைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு சிறியது, ஆனால் அதுவும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

இனி அந்த 15 நிமிடம். அது எல்லாருக்கும் எல்லா வேளைக்கும் ஒன்றாக இருக்காது. ஊசி போடும் நேரத்தில் சர்க்கரை எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் நான் தொடங்குவேன். 4-க்கும் 5-க்கும் இடையில் இருந்து, சென்சாரின் அம்பு கீழ்நோக்கி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், போட்டுவிட்டு உடனே சாப்பிடலாம். 6, 7, 8 என்று அமைதியாக நின்றால் பத்து முதல் பதினைந்து நிமிடம். 10-ஐத் தாண்டி இருந்தால் இருபது நிமிடம், சிலருக்கு அதற்கும் மேல், ஆனால் அது குழு பார்த்துச் சொல்ல வேண்டியது. காலையில் காத்திருப்பு நீளும். விடியற்காலையில் உடலில் ஏறும் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினுக்கு எதிராக நிற்கின்றன, பதின்ம வயதில் இந்த எதிர்ப்பு இன்னும் பலம். ஒரே தட்டுச் சோற்றுக்கு இரவில் அடங்கும் பிள்ளை, காலையில் இரண்டு தோசைக்கு அடங்காமல் ஏறுவது இதனால்தான். உங்கள் மகள் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டாளோ என்று அவளைக் கேட்காதீர்கள்.

அவளுக்கு உரிய நிமிடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், மருத்துவக் குழுவிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். பள்ளி விடுமுறையில், அவசரமில்லாத காலைகளில், ஒரே உணவை வைத்துக்கொள்ளுங்கள்: அதே இரண்டு தோசை, அதே சட்னி, அதே அளவு இன்சுலின். முதல் மூன்று நாள் ஐந்து நிமிடம் முன்னால். அடுத்த மூன்று நாள் பத்து. அதற்கடுத்த மூன்று நாள் பதினைந்து. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு, மூன்று மணி நேரம் கழித்து எவ்வளவு என்று எழுதுங்கள். குளுக்கோஸ் மாத்திரை பக்கத்தில் இருக்கட்டும். உச்சம் 10-ஐச் சுற்றி நின்று, மூன்று நான்கு மணி நேரத்தில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால், அந்த நிமிடம் அவளுடையது. எங்காவது ஒரு நாள் சாப்பிடும் முன்பே இறங்கத் தொடங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள். சென்சார் தோலடி நீரைத்தான் அளக்கிறது, இரத்தத்தைவிட ஐந்து பத்து நிமிடம் பின்தங்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். எண் ஒன்று சொல்லி, அவள் உடல் வேறு சொன்னால், விரலில் குத்திப் பாருங்கள்.

உணவின் வேகம் தனிப் பாடம், இங்கே நம் ஊர்ச் சாப்பாட்டில் அது மிகப் பெரிய பாடம். கஞ்சி, இட்லி, இடியாப்பத்தோடு பழுப்புச் சர்க்கரை, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர், இவை ஓடிவருபவை. இவற்றுக்கு ஊசி முந்தியே ஆக வேண்டும். பரோட்டா, நாசி லெமாக், லக்சா, பிரியாணி, இவை வேறு ரகம். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் நெய்யும் இரைப்பையைத் தாமதப்படுத்துகின்றன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 7 என்று இருக்கும், வீட்டில் எல்லாரும் மகிழ்ச்சியாகத் தூங்கப் போவார்கள். நள்ளிரவுக்கு மேல் 15-க்கு ஏறி நிற்கும். கொழுப்பும் புரதமும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் கழித்துச் செய்கிற வேலை அது. பிரியாணிக்கு முழு அளவையும் இருபது நிமிடம் முன்னால் போட்டால், உணவு வருவதற்கு முன் இன்சுலின் வந்துவிட்டுத் தாழ்சர்க்கரையும், அதன் பிறகு ஏற்றமும் கிடைக்கும். இதற்குப் பேனா பயன்படுத்துபவர்கள் அளவை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை முன்பும் மற்றதை ஒன்று ஒன்றரை மணி நேரம் கழித்தும் போடுவதுண்டு. இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் கருவி வைத்திருப்பவர்கள் ஒரு பகுதியைச் சில மணி நேரத்துக்கு நீட்டி விடுவார்கள். எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இன்றுவரை கிடையாது. ஒரே பிரியாணிக்கு இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். அவரவர் குறிப்புப் புத்தகம்தான் விடை.

கோயில் அன்னதானமும் கல்யாணச் சாப்பாடும் தனிச் சிக்கல். இலை போட்டுவிட்டு எவ்வளவு நேரத்தில் சோறு வரும், பாயசம் வருமா, அப்பளத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்குவாளா, யாருக்கும் தெரியாது. அங்கே நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டாம். சோறு இலையில் விழுந்ததும் நிச்சயம் சாப்பிடப்போகும் பங்குக்குப் போடட்டும், பாயசத்துக்கு வேண்டுமென்று முடிவெடுத்தால் அதற்கு உரியதை அப்போது போடட்டும். ஒரு வேளை 12 ஆனால் ஆகட்டும். விருந்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் சிரித்துச் சாப்பிடுவதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது, அதை எந்தச் சென்சாரும் காட்டாது.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. இடைவேளை மணி அடித்து, சிற்றுண்டிச் சாலைக்கு ஓடி, வரிசையில் நின்று, ஊசி போட்டுக் காத்திருந்தால் சாப்பிட நேரமே மிஞ்சாது. அதனால்தான் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, வகுப்புக்குத் திரும்பும் வழியில் கழிப்பறையில் போட்டுக்கொள்கிறார்கள், அல்லது மறந்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து டப்பாவில் கொடுத்தனுப்பினால் உணவு கையிலேயே இருக்கிறது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தன் இருக்கையிலேயே போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். மருத்துவக் குழுவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சுலபமாகும். இடைவேளைக்கு அடுத்தது உடற்பயிற்சிப் பாடம் என்றால் அளவும் மாறும், நேரமும் மாறும், அதைக் குழுவிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் ஏற்றம் அடங்கவில்லை என்றால் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், பார்த்தால் மட்டும் போதாது. பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு மூன்று மாதமாக எந்த நிமிடமும் ஒத்துவரவில்லை. அப்பா கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வேளை விடாமல் எழுதிக்கொண்டு வந்திருந்தார், நீல மையில் நேரம், சிவப்பு மையில் சர்க்கரை. கணக்கில் பிழையே இல்லை. பையனைப் படுக்க வைத்து, விரலில் கொஞ்சம் சோப்பு நீர் தொட்டு, தொப்புளுக்கு இடப்பக்கம் தடவினேன். ஊறிய கொண்டைக்கடலை அளவில் இரண்டு தடிப்புகள், தோலுக்கு அடியில் மெத்தென்று. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது. "அங்கே போட்டால் வலிக்காது மிஸ்" என்றான். அதுதான் காரணம், வலிக்காத இடத்திலேயே தினமும் நான்கு முறை. அப்படித் தடித்த கொழுப்பிலிருந்து இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் வெளியேறும். இடத்தை மாற்றும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நல்ல தோலில் இன்சுலின் முழுதாக இறங்குவதால் பழைய அளவே கூடுதலாகிவிடலாம், அதனால் குழுவிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். வயிற்றிலிருந்து இன்சுலின் விரைவாகப் போகும், தொடையிலிருந்து கொஞ்சம் மெதுவாக. காலைத் தோசைக்கு வயிறு நல்லது.

பேனாவையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளி ஊசி முனையில் துளி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் போடுகிறாளா? பொத்தானை அழுத்திப் பத்து எண்ணிய பிறகுதான் ஊசியை எடுக்கிறாளா? பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்கு மேல் போகாமல் நான்கு வாரம் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் நண்பகல் வெயில் 32, 33 டிகிரி. பள்ளித் திடலோரம் வெயிலில் கிடக்கும் பையில் அந்தப் பேனா இருந்தால், நேரத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வீண். தண்ணீரில் நனைத்துக் குளிர வைக்கும் உறை ஒன்று வாங்கிக்கொடுங்கள்.

ஃபியாஸ்ப் போன்ற புதிய இன்சுலினுக்கு மாறினால் காத்திருக்கத் தேவையில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். நோவோராப்பிட்டில் உள்ள அதே இன்சுலினோடு பி3 வைட்டமினைச் சேர்த்து, இரத்தத்துக்கு இன்னும் விரைவில் போகும்படி செய்தது அது. சாப்பிடத் தொடங்க இரண்டு நிமிடம் முன்பு போடலாம், தேவைப்பட்டால் தொடங்கி இருபது நிமிடம் வரைகூடப் போடலாம் என்று அனுமதி உண்டு. சாப்பிட்ட பிறகு போடும் பழக்கத்தை விடவே முடியாதவர்களுக்கு அது உதவும். ஆனால் அனுமதி இருப்பதாலேயே அது சிறந்த நேரம் ஆகிவிடாது. அதிலும் முன்னால் போடுபவர்களுக்கே ஏற்றம் குறைவு. இப்போது இருக்கும் இன்சுலினை நேரம் பார்த்துப் போடாமல், மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தாழ்சர்க்கரைக்குக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊசியை முன்னால் நகர்த்துபவர் இதைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நகர்த்த வேண்டும். 15 கிராம் விரைவுச் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு சிறு பெட்டிக் குளிர்பானம் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். 2022 இறுதியில் சிங்கப்பூரில் பொட்டலப் பானங்களுக்கு, சர்க்கரையின் அளவை எழுத்தால் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடு முத்திரை வந்த பிறகு அப்படிச் சொல்ல முடிவதில்லை. பி முத்திரை உள்ள பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. 150 மில்லி குடித்தால் ஏழரை கிராம்தான் கிடைக்கும். மற்றெல்லாருக்கும் நல்லதாக வந்த மாற்றம், கை நடுங்கும் பிள்ளைக்குப் போதாது. உங்கள் மகள் பையில் என்ன வைத்திருக்கிறாள் என்று இன்றே எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். குளுக்கோஸ் மாத்திரை என்றால் பெரும்பாலும் ஒன்றில் 4 கிராம், நான்கு வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 995-ஐ அழைக்க வேண்டும் என்பது ஆசிரியருக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நாளைக் காலைக்கு நான் சொல்வது இதுதான். ஆறு மணிக்குக் கல்லில் முதல் தோசையை ஊற்றுங்கள். சென்சாரைப் பாருங்கள், 6-க்கு மேல் நிலையாக இருந்தால், முதல் படியாகச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஊசி, அதே அளவு. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கட்டும், நேரம் சொல்லும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். ஏழு மணிக்கு லிஃப்ட் வாசலில் என்ன எண் தெரிந்தாலும், மருத்துவர் சொல்லாத ஊசியைப் போடாமல் அனுப்புங்கள். ஒரு வாரக் குறிப்போடு மருத்துவமனையின் நீரிழிவுத் தாதிக்குத் தொலைபேசி செய்யுங்கள், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் குறிப்பில் சர்க்கரை எண்ணோடு இரண்டு நேரங்கள் இருக்க வேண்டும்: ஊசி போட்ட நிமிடம், முதல் வாய் சாப்பிட்ட நிமிடம். பெரும்பாலான குறிப்புப் புத்தகங்களில் அந்த இரண்டாவது கட்டம் இருக்காது, நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.